சிவப்பு நாற்காலியும் பச்சைச் சுவரும்

என் மகளுக்கு முதல் வாடிக்கையாளர் நான்தான். வீடு வடிவமைக்கும் தொழிலில் இறங்குகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது பெற்றவர்கள்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மற்றவர்கள் நம்பிக் கொடுக்கமாட்டார்கள். நமக்கு மறுக்க வழியில்லை.

அதற்கு முன் அவள் ஒரு கம்பெனியில் சமையலறை அலமாரிக் கதவுகளுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து, இனிமேல் மரமும் காற்றும் வெளியே உட்கார இடமும் உள்ள வீடுகளை மட்டும்தான் செய்யப்போகிறேன் என்றாள். மரம் தானாக வளரும், காற்று தானாக வரும், நடுவில் உனக்கு என்ன வேலை என்று கேட்டேன். நியாயமான கேள்வி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் ஒரு வாரம் என்னிடம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாங்கள் அப்போது பெங்களூரில், ரயில் பாதையை ஒட்டிய ஒக்கலிபுரத்தில் இருந்தோம். என் அப்பா அரசாங்க வேலையில் இருந்தபோது வாங்கிய வீடு. ரயில் போகும்போது டம்ளர்கள் நடுங்கும். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சமையலறை. அவர்கள் என்ன தாளிக்கிறார்கள் என்று என் மனைவிக்கு அவர்களுக்கு முன்பே தெரியும். ஆனேக்கல் பக்கம் ரொம்ப நாளைக்கு முன் நான் வாங்கிப் போட்ட மனை ஒன்று சும்மா கிடந்தது. பின்பக்கத்தில் ஒரு புங்க மரம். ஓய்வு பெற்றதும் அங்கே வீடு கட்டுவது என்று முடிவாயிற்று.

பெங்களூரில் மனை வைத்திருப்பவன் என்ன செய்வான் என்பது ஊருக்கே தெரியும். முன்னால் தனக்கு ஒரு வீடு, பின்னால் வாடகைக்கு இரண்டு போர்ஷன், மிச்சம் இருந்தால் மாடியில் இன்னொன்று. நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்குச் சந்து. நானும் அப்படித்தான் மனதில் கட்டி முடித்து, குடித்தனக்காரர்களோடு தண்ணீருக்காகச் சண்டை போடவும் தயாராக இருந்தேன். மகள் கொண்டுவந்த வரைபடத்தில் பின்பக்கம் காலியாக இருந்தது. மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் போட்டிருந்தாள்.

"இங்க என்ன வருது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வராதுப்பா. சும்மா உக்காரலாம்."

சும்மா உட்காருவதற்காக நான் தனியாக ஓர் இடம் கட்டவேண்டிய அவசியம் இருந்ததே இல்லை. அரசாங்கமே எனக்கு மேஜை நாற்காலி, மின்விசிறி எல்லாம் கொடுத்து வைத்திருந்தது. அதைச் சொல்லிப் பார்த்தேன். மனைவி உடனே மகள் பக்கம் சேர்ந்துகொண்டாள். பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனை இல்லாத ஓர் இடத்தில் காபி குடிக்கவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசையாம். இத்தனை வருஷத்தில் என்னிடம் சொன்னதில்லை.

அப்புறம்தான் நாற்காலி வந்தது. கல்யாண மண்டபங்களில் அடுக்கிவைக்கிற மாதிரி சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. மரத்தைச் சுற்றி எங்கே உட்கார இடம் அமைப்பது என்று தெரியவேண்டுமானால், முதலில் ஒருவர் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்றாள். அந்த ஒருவர் யார் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் வேலை இல்லாமல் இருந்தது நான் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் பிடித்து ஆனேக்கல் போவோம். காலி மனையில் என்னை உட்காரவைத்துவிட்டு அவள் அளவு நாடாவும் சுண்ணாம்புப் பொடியுமாகச் சுற்றிச்சுற்றி வருவாள். வெயில் இப்போது எங்கே படுகிறது, காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது, பஸ் சத்தம் கேட்கிறதா, எறும்பு இருக்கிறதா என்று கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்வாள். வெயில் என் முழங்காலைத் தொட்டதும் நாற்காலி நகரும். கோடையில் உட்கார்ந்தேன். மழைக்காலத்தில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மார்கழிக் குளிரில் மங்கி குல்லாயோடு உட்கார்ந்தேன். இதையெல்லாம் கம்ப்யூட்டரே சொல்லிவிடாதா என்று கேட்டால், கம்ப்யூட்டருக்கு வியர்க்காது அப்பா என்று பதில் வரும்.

எதிர்மனைக்காரர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "சைட்ல ஏதாவது கேஸா சார்?" என்று கேட்டார். காலி மனையில் ஒரு மனிதன் வாராவாரம் நாற்காலி போட்டுக் காவல் இருந்தால், யாரோ மனையை அபகரிக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் இந்த ஊரில் அர்த்தம். இல்லை, என் மகள் நிழல் பார்க்கிறாள் என்றேன். அவர் அதை நம்பவில்லை. தனக்குத் தெரிந்த நல்ல வக்கீல் ஒருவரின் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கடைசியில் மரத்துக்கு மேற்கே ஓர் இடத்தில் சுண்ணாம்புப் புள்ளிகள் எல்லாம் கூடிக்கொண்டன. அங்கே இரண்டு படி ஆழத்துக்குத் தோண்டி, சுற்றிலும் கருங்கல் பலகைகளை உட்காருகிற உயரத்தில் பதித்தாள். வருகிறவர்களிடம் நான் அதைப் பள்ளம் என்று சொன்னேன். அவள் அதற்கு வேறு ஏதோ பெயர் வைத்திருந்தாள்.

கூடத்தில் பெரிய சண்டை பச்சைச் சுவருக்காக. மேலே கண்ணாடிக் கூரை. அதிலிருந்து வெளிச்சம் விழும் சுவர் முழுவதும் சின்னச் சின்னப் பைகள் தைத்து, செடி நட்டு, சொட்டுநீர்க் குழாய் விட்டு, சுவரே செடியாக நிற்கவேண்டும் என்பது அவள் கனவு. மணி பிளான்ட், பெரணி என்று பார்க்க அழகாக இருப்பவையாகத் தேர்ந்தெடுத்திருந்தாள். சமையலுக்கு ஆகாத செடிக்கு இவ்வளவு தண்ணீரா என்று என் மனைவி பிடித்துக்கொண்டாள். பேச்சுவார்த்தை முடிந்தபோது மேல்பாதி மகளுக்கு, கீழ்ப்பாதி அம்மாவுக்கு என்று சுவர் பிரிந்தது. கீழே புதினா, பொன்னாங்கண்ணி, வல்லாரை. மகள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் நட்டாள். ஆனால் வளர்ந்து அடர்ந்த பிறகு பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வீடு முடிகிற சமயத்தில் ஒரு டாக்டரம்மா அவளைத் தேடி வந்தார். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர், ஆனேக்கலுக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரையை ஒட்டி நிலம் வாங்கியிருந்தார். அங்கே சின்னதாக ஒரு வீடு, அதைவிடப் பெரிதாக வெளியே உட்கார ஓர் இடம் வேண்டும். ஏற்கெனவே மூன்று பேர் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டிவிட்டார்களாம். படம் வேண்டாம், நீ கட்டினதைக் காட்டு என்று சொல்லிவிட்டார். கட்டியது எங்கள் வீடு ஒன்றுதான். புதுமனைப் புகுவிழா அன்று காலை ஒன்பது மணிக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு.

இந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்த மாதமே பழைய கம்பெனிக்குத் திரும்பி அலமாரிக் கதவு வரையப் போவதாக மகள் அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அப்பாகிட்ட சொல்லாதே என்றும் சொல்லியிருந்தாள். அதனால் எனக்கு அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது.

நிற்க, மாட்டு விஷயத்துக்கு வருகிறேன். புது வீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும் போகவேண்டும். இது எங்கள் வழக்கம், இந்த ஊர்க்காரர்களுக்கும் வழக்கம். பதினாலாவது மாடியில் வீடு வாங்கியவர்கள் வெள்ளிப் பசு பொம்மையை வைத்துச் சமாளிக்கிறார்கள். தரையோடு வீடு கட்டியவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. மகள், பசுவை வாசற்படியோடு நிறுத்திப் பூஜை செய்து அனுப்பிவிடலாம் என்று கெஞ்சினாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மர்பி டவுனிலிருந்து வந்திருந்த என் அக்கா ஒருபடி மேலே போய், பசு கூடத்தில் நின்று சாணி போட்டால்தான் அந்த வீட்டில் லட்சுமி தங்குவாள், நான் என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று அறிவித்துவிட்டாள்.

முகூர்த்த நாள். விழாக்களுக்கு மாடு கொண்டுவருகிறவர் காலை ஏழு மணிக்கு டெம்போவில் பசுவையும் கன்றையும் இறக்கினார். கொம்பில் மஞ்சள், முதுகில் பட்டுத்துணி, கழுத்தில் சாமந்தி மாலை. "ரொம்ப சாது சார், குழந்தை மாதிரி," என்றார். இங்கே முடித்துக்கொண்டு சந்தாபுரத்தில் இன்னொரு வீட்டுக்குப் போகவேண்டும், ஸ்வல்ப சீக்கிரம் முடியுங்கள் என்றும் சொன்னார். கால் வழுக்காமல் இருக்கக் கூடத்தில் கோணி விரித்திருந்தோம். புரோகிதர் மந்திரம் சொல்ல, பசு வலது காலை எடுத்துவைத்து உள்ளே வந்தது. எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. கூடத்தின் கோடி வரை வந்து நின்றது.

எல்லோரும் அதன் வால் பக்கம் கூடினோம்.

அக்கா கையில் தாம்பாளத்தோடு தயாராக நின்றாள். வால் ஒருமுறை அசைந்தது. கூட்டம் ஓரடி முன்னால் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மாட்டுக்காரர், டெம்போ அசிங்கமாகிவிடும் என்பதால் காலையில் தீனி போடுவதில்லை என்று விளக்கினார். "வயித்துல ஏதாவது இருந்தாத்தானே சார் வரும்." அக்கா நம்பிக்கையை விடவில்லை. பொறுமையாக இருங்கள், வரும் என்றாள். புரோகிதரும் எட்டிப் பார்த்தபடியே மந்திரத்தை நீட்டினார். இருபது முப்பது பேர், எல்லோர் கண்ணும் மாட்டின் பின்பக்கத்திலேயே இருந்ததால், முன்பக்கத்தில் என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

முன்பக்கத்தில் பச்சைச் சுவர் இருந்தது.

சமையல் வேலையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்த மகள்தான் முதலில் பார்த்தாள். பசு பொன்னாங்கண்ணியை முடித்துவிட்டு வல்லாரையில் இருந்தது. கன்று தன் உயரத்துக்கு எட்டிய புதினாவை ஒரு வழி பண்ணியிருந்தது. மாட்டுக்காரர் கயிற்றை இழுத்தார். குழந்தை மாதிரி என்று அவர் சொன்னது சரிதான். பசித்த குழந்தையைத் தட்டுக்கு முன்னாலிருந்து எழுப்ப முடியுமா? மேலே இருந்த மணி பிளான்டை மட்டும் அது மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. கீழ்ப்பாதியில் மிஞ்சியது பிய்ந்த பைகளும் சொட்டிக்கொண்டிருந்த குழாயும்தான். வயிறு நிறைந்த திருப்தியில் பசு அங்கேயே, கூடத்திலேயே, சாணியும் போட்டது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டாள்.

மகள் அழவில்லை, கத்தவில்லை. சுவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். டாக்டரம்மா வர இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

என் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையல்காரரின் கூடைகள் பக்கம் போனாள். அங்கிருந்த கொத்தமல்லி, கறிவேப்பிலை, கீரைக்கட்டு எல்லாம் கூடத்துக்கு வந்தன. ஆளுக்கு ஒரு பையில் செருகினோம். நான் தோரணத்திலிருந்து மாவிலையை உருவிக் கொடுத்தேன். அக்கா எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் ரோஜாச் சரத்தைக் கொண்டுவந்து, அதை மகளிடம் பறிகொடுத்தாள். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தோம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் மோசமில்லை.

டாக்டரம்மா சரியாக ஒன்பதுக்கு வந்தார். கைத்தறிப் புடவை, மடக்குக் குடை, சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. நேரே சுவருக்கு முன்னால் போய் நின்றார். மகள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். இது எடிபிள் வால், அதாவது சாப்பிடக்கூடிய சுவர் என்று ஒரு புது கான்செப்ட், வெளிநாட்டில் எல்லாம் இப்போது இதுதான் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் இறக்கினேன். டாக்டரம்மா கொத்தமல்லியைத் தொட்டுப் பார்த்தார். அதன் வேரைச் சுற்றி ரப்பர் பேண்ட் இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் கரண்டியோடு உள்ளே வந்தார். ரசம் கொதிக்கிறது, என் கொத்தமல்லியை யார் எடுத்தது என்று பொதுவாகக் கேட்டார். பிறகு சுவரைப் பார்த்தார். டாக்டரம்மாவின் கைக்குப் பக்கத்திலிருந்து ஒரு கொத்தமல்லிக் கட்டை உருவினார். கறிவேப்பிலையிலும் ஒரு கொத்து எடுத்துக்கொண்டார். அவர் போய்விட்டார்.

நான் மறுபடியும் வாயைத் திறந்தேன். மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாடு தின்னுடுச்சு டாக்டர்," என்றாள். "காலையில பூஜைக்கு வந்த மாடு. கீழ இருக்கறது எல்லாம் சமையலுக்கு வந்தது. நாங்க சொருகி வச்சோம்."

டாக்டரம்மா சுவரை மேலும் கீழுமாக ஒருமுறை பார்த்தார். "மாடு எங்கே?" என்று கேட்டார்.

பின்பக்கத்தில்தான் இருந்தது. டெம்போவில் ஏற்றுவதற்காகக் கொல்லைப்புறம் வழியாகக் கொண்டுபோனபோது, கயிற்றை இழுத்துக்கொண்டு புங்க மரத்தடிக்குப் போய், அந்தப் பள்ளத்தில் தானாகவே இரண்டு படி இறங்கிப் படுத்துவிட்டது. பக்கத்தில் கன்று. எங்கள் வீட்டுப் பொன்னாங்கண்ணியைப் பாதிக் கண் மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. மாட்டுக்காரர் வாழைப்பழத்தைக் காட்டிக் கொஞ்சினார், முதுகில் தட்டினார், கெஞ்சினார். சந்தாபுரத்திலிருந்து போன் மேல் போன். "ஏளு தாயி, ஏளு," என்று கன்னடத்தில் எழுப்பிப் பார்த்தார். பசுவுக்கு எந்தப் பாஷையிலும் எழுந்திருக்கிற எண்ணம் இல்லை.

டாக்டரம்மா மரத்தை நிமிர்ந்து பார்த்தார். மனை முழுவதும் வெயில் ஏறியிருந்தது. பள்ளத்தில் மட்டும் நிழல். "எல்லா இடத்தையும் விட்டுட்டு ஏன் இங்க தோண்டினே?" என்று கேட்டார். மகள் நாற்காலிக் கதையைச் சொன்னாள். கோடை, மழை, குளிர், சுண்ணாம்புப் புள்ளி, எதிர்மனைக்காரரின் வக்கீல் வரை ஒன்றையும் விடவில்லை. கேட்டுக்கொண்டே வந்த டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் உக்காந்தீங்களா?"

ஆமாம் என்றேன். எதற்கோ வெட்கமாக இருந்தது.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிறங்கி, பசுவுக்கு எதிரே கல்லில் உட்கார்ந்தார். குடையைப் பக்கத்தில் வைத்தார். கூடத்தில் நாகஸ்வர ரெக்கார்டும் அக்காவின் குரலும் கேட்டுக்கொண்டிருந்தன. காற்று வந்தது. அவர் காலை நீட்டிக்கொண்டார். மாட்டுக்காரரே போனை அணைத்துவிட்டு மரத்தில் சாய்ந்துகொண்டார். மகள் படிக்கு மேலேயே நின்றுகொண்டு மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"என் நிலத்துக்கு வந்த மூணு பேரும் ஏரி எந்தப் பக்கம் தெரியுதுன்னுதான் கேட்டாங்க," என்றார் டாக்டரம்மா. "நிழல் எங்க விழுதுன்னு ஒருத்தரும் கேக்கலை. வர்ற ஞாயித்துக்கிழமை வாம்மா. அந்த நாற்காலியைக் கொண்டு வா. உக்கார இவரும் வரட்டும்."

மகளுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. சுவர்கூட இன்னும் நன்றாகச் செய்து தருகிறேன் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். சுவர் வேண்டாம், எங்கள் பக்கம் மாடு ஜாஸ்தி என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பசு தனக்குத் தோன்றியபோது எழுந்து போனது. சந்தாபுரத்துக்காரர்களின் முகூர்த்தம் என்ன ஆயிற்று என்று தெரியாது. இந்த வேலை கிடைத்தது மாட்டால்தான், அதை வாசற்படியோடு நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றும் வாதாடுகிறேன். மாடு போட்ட சாணியால் என்பது என் அக்காவின் கட்சி. மனைவி பள்ளத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டிருப்பாள். கீழ்ப்பாதிச் சுவரில் மறுபடியும் பொன்னாங்கண்ணி வந்துவிட்டது.

இதை நான் எழுதிக்கொண்டிருப்பது டாக்டரம்மாவின் நிலத்தில், அதே சிவப்பு நாற்காலியில். எதிரே ஏரி தெரிகிறது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. காற்று இடது கன்னத்தில். எறும்பு உண்டு. சற்று முன் மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோது, நம் வீட்டுப் பள்ளத்தை நல்ல இடமாகப் பார்த்துத்தான் தோண்டியிருக்கிறாய் என்று சொன்னேன். "இப்பதான் தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு நாடாவோடு போய்விட்டாள். அந்தக் கோடியில் குனிந்து எதையோ அளந்துகொண்டிருக்கிறாள். வெயில் முழங்காலுக்கு வந்துவிட்டது. அவளைக் கூப்பிடவேண்டும், நாற்காலியை நகர்த்த.